நகரின் நாடி பார்த்தவர்

நுழையும்முன்

நிலத்தைத் திணைகளாகப் பகுத்து, அந்நிலத்து மக்களின் தொழிலையும் வாழ்வையும் அதனோடு பொருத்திக் கண்டது தமிழ் மரபு. மேலைநாட்டில் பிறந்த அறிஞர் ஒருவரும் நிலம், தொழில், மக்கள் என்னும் மூன்றையும் இணைத்து நகரங்களை ஆராய்ந்தார். நகரைத் திருத்த முற்படுமுன் அதனை நடந்து காணவேண்டும், அளந்து அறியவேண்டும் என்று வலியுறுத்திய அவர், தஞ்சை, மதுரைத் தெருக்களிலும் நடந்தவர். நகர்த்திட்ட இயலின் முன்னோடிகளுள் ஒருவராகிய பேட்ரிக் கெடிஸின் வாழ்க்கையை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

ஊர்ப்பெயர் உணர்த்தும் உண்மை

காவிரியின் கழிமுகச் சமவெளி கடலைத் தொடும் காரைக்கால் கடற்கரையில் பட்டினச்சேரி என்னும் மீனவர் ஊர் உள்ளது. பட்டினம் என்பது கடற்கரை நகரைக் குறிக்கும் சொல். சேரி என்பது மக்கள் சேர்ந்து வாழும் குடியிருப்பைக் குறிக்கும் சொல். இவ்வாறே பாக்கம், குப்பம், பேட்டை, மங்கலம் என ஊரின் இருப்பிடத்தையும் தொழிலையும் தோற்றத்தையும் காட்டும் சொற்கள் தமிழில் பல உள்ளன. அதே கடற்கரையில் வடக்கே அமைந்த புகார் நகரை மருவூர்ப்பாக்கம் என்றும் பட்டினப்பாக்கம் என்றும் பகுத்துக் காட்டுகிறது சிலப்பதிகாரம். இரு பகுதிகளுக்கும் இடையே நாளங்காடி அமைந்திருந்ததையும் அது கூறுகிறது. நகரின் வடிவத்தை உற்றுநோக்கி வகைப்படுத்தும் பார்வை தமிழர்க்குப் புதிதன்று.

அப்பார்வையை ஒரு தனி அறிவுத்துறையாக வளர்த்தவர்களுள் பேட்ரிக் கெடிஸ் முதன்மையானவர். அவர் கட்டடக் கலைஞர் அல்லர், பொறியாளரும் அல்லர். செடிகொடிகளை ஆராய்ந்த உயிரியல் அறிஞர். ஓர் உயிரைக் காண்பதுபோல நகரைக் கண்டதே அவருடைய தனிச்சிறப்பு.

தோட்டத்தில் தொடங்கிய கல்வி

கெடிஸ், 1854ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் ஸ்காட்லாந்தில் பாலட்டர் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் படையில் பணியாற்றியவர். குடும்பம் பெர்த் நகரை அடுத்த ஒரு குன்றின் சரிவில் குடியேறியது. வீட்டுத் தோட்டத்தில் தந்தையோடு சேர்ந்து செடி வளர்த்ததும், குன்றின் மேலேறிக் கீழே விரிந்த ஆற்றையும் வயல்களையும் நகரையும் ஒருசேரப் பார்த்ததும் அவருடைய முதற்கல்வியாக அமைந்தன. உயரத்திலிருந்து முழுமையைக் காணும் பழக்கம் இளமையிலேயே அவரிடம் வேரூன்றியது.

பள்ளிப்படிப்பு முடிந்தபின் சிறிதுகாலம் வங்கியில் பணிபுரிந்தார். அவ்வேலை அவர் மனத்துக்கு ஒத்துவரவில்லை. எடின்பரோ பல்கலைக்கழகத்தில் தாவரவியல் பயிலச் சேர்ந்து, ஒரு வாரத்திலேயே வெளியேறினார். பின்னர் இலண்டன் சென்று, புகழ்பெற்ற உயிரியல் அறிஞர் தாமஸ் ஹக்ஸ்லியிடம் பயின்றார். பிரான்சு நாட்டில் ஆய்வு மேற்கொண்ட காலத்தில் பிரெடரிக் லெ பிளே என்னும் சமூகவியல் அறிஞரின் கருத்துகள் அவரை ஈர்த்தன. ஒரு குடும்பத்தின் வாழ்வை அறிய, அது வாழும் இடத்தையும் செய்யும் தொழிலையும் சேர்த்தே ஆராயவேண்டும் என்பது லெ பிளேயின் கொள்கை. இடம், தொழில், மக்கள் என்னும் மூன்று சொற்கள் அன்றுமுதல் கெடிஸின் சிந்தனைக்கு அடிப்படையாயின.

இருளறையில் பிறந்த முறை

1879ஆம் ஆண்டு ஆய்வுப்பணிக்காகக் கெடிஸ் மெக்சிகோ நாட்டிற்குச் சென்றார். அங்கே அவருடைய கண்கள் நோயுற்றன. பல வாரங்கள் இருண்ட அறையில் அடைபட்டிருக்க நேர்ந்தது. நுண்ணோக்கியையே கருவியாகக் கொண்ட இருபத்தைந்து வயது இளைஞருக்கு அது பேரிடி. பார்வை திரும்புமா என்பதே ஐயமாக இருந்த நாள்களில், சாளரத்தின் கட்டங்களைக் கையால் தடவியபடி சிந்தித்தார். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு கருத்தை வைத்து, கருத்துகளுக்கு இடையேயுள்ள உறவை அறியும் முறை அவ்விருளில் அவருக்குப் புலப்பட்டது. பிற்காலத்தில் தாள்களைக் கட்டங்களாக மடித்துச் சிந்திப்பதை வழக்கமாக்கிக்கொண்டார்.

பார்வை மீண்டது. எனினும் நுண்ணோக்கியில் நெடுநேரம் பணியாற்றும் ஆற்றல் திரும்பவில்லை. உயிரணுக்களை நோக்கிய கண்கள் மெல்ல மெல்ல ஊர்களின்மீதும் மக்களின்மீதும் திரும்பின. இழப்பு ஒன்று புதிய துறைக்கு வாயிலாயிற்று.

பழைய நகரில் குடியேற்றம்

தாயகம் திரும்பிய கெடிஸ், எடின்பரோவில் தாவரவியல் கற்பித்தார். 1886ஆம் ஆண்டு அன்னா மார்ட்டன் என்னும் அம்மையாரை மணந்தார். அக்காலத்தில் எடின்பரோ, வசதி படைத்தோர் வாழும் புதிய நகர் என்றும் ஏழைகள் நெருங்கி வாழும் பழைய நகர் என்றும் பிரிந்து கிடந்தது. பழைய நகரின் கட்டடங்கள் காற்றும் ஒளியும் குறைந்து, பாழடைந்து கிடந்தன. கெடிஸும் அன்னாவும் அங்கேயே ஒரு குடியிருப்பில் வாழத் தொடங்கினர். அண்டை வீட்டாரோடு சேர்ந்து முற்றங்களைத் தூய்மை செய்தனர், சுவர்களுக்கு வெள்ளையடித்தனர், வெற்றிடங்களைத் தோட்டங்களாக்கினர். இடியும் நிலையிலிருந்த வீடுகளை மட்டும் அகற்றி, எஞ்சியவற்றைப் பழுதுபார்த்தனர்.

பாழடைந்த பகுதி என்றால் முற்றிலும் இடித்துத் தள்ளுவதே அக்காலத்து வழக்கம். அங்கு வாழ்ந்தோர் எங்கே போவர் என்னும் வினாவை எழுப்புவோர் மிகச் சிலரே. வீடிழந்தோர் அடுத்த தெருவில் மேலும் நெருக்கமாகக் குடியேறுகின்றனர் என்பதையும், ஓரிடத்து நெருக்கடியை நீக்குவது மற்றோரிடத்து நெருக்கடியைப் பெருக்குகிறது என்பதையும் கெடிஸ் நேரில் கண்டறிந்தார்.

1888ஆம் ஆண்டு டண்டீ பல்கலைக்கழகக் கல்லூரியில் தாவரவியல் பேராசிரியரானார். ஆண்டில் ஒரு பருவம் மட்டுமே அங்குக் கற்பித்தால் போதும் என்ற ஏற்பாடு இருந்தது. எஞ்சிய காலத்தை நகர ஆய்வுக்கு அளித்தார்.

நோக்குக் கோபுரம்

எடின்பரோக் கோட்டைக்கு அருகிலிருந்த உயர்ந்த கட்டடம் ஒன்றை 1892ஆம் ஆண்டு கெடிஸ் தம் பொறுப்பில் ஏற்றார். நோக்குக் கோபுரம் என்று அதற்குப் பெயரிட்டார். அதன் உச்சியில் ஓர் இருட்டறை இருந்தது. ஆடியும் வில்லையும் கொண்ட கருவி, வெளியே இயங்கும் நகரின் உருவை அவ்வறையிலுள்ள மேசையின்மீது வீழ்த்தியது. காண வந்தோர் தாம் நாள்தோறும் நடக்கும் தெருக்களை முழுமையாக, புதிய பார்வையில் கண்டனர். பின்னர்ப் படியிறங்கி வந்தால் ஒரு தளத்தில் எடின்பரோ நகரையும், அடுத்தடுத்த தளங்களில் ஸ்காட்லாந்து, ஆங்கிலம் பேசும் நாடுகள், ஐரோப்பா ஆகியவற்றையும், அடித்தளத்தில் உலகத்தையும் பற்றிய வரைபடங்களும் படங்களும் வைக்கப்பட்டிருந்தன. தம் ஊரை அறிந்தே உலகை அறியவேண்டும் என்னும் கொள்கையை அக்கட்டடமே கற்பித்தது.

ஆற்றுப்படுகையும் நகர வகையும்

மலையுச்சி முதல் கடற்கரை வரை ஓர் ஆற்றுப்படுகையைக் குறுக்குவெட்டாக வரைந்து காட்டியது கெடிஸின் புகழ்பெற்ற பங்களிப்பு. மலையில் சுரங்கத் தொழிலாளி, காட்டில் மரம் வெட்டுவோனும் வேட்டுவனும், புல்வெளியில் ஆயன், மேட்டு நிலத்தில் சிறு உழவன், வளமான தாழ்நிலத்தில் பெருவேளாளன், கடற்கரையில் மீனவன் என்று ஒவ்வொரு நிலத்துக்குரிய தொழிலையும் அவர் வரிசைப்படுத்தினார். இத்தொழில்கள் கூடுமிடத்தில் நகரம் தோன்றுகிறது என்றும், நகரத்தின் வடிவத்தை அறிய அதனைச் சூழ்ந்த நிலத்தை முதலில் அறியவேண்டும் என்றும் விளக்கினார். குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் என்னும் நம் திணைப் பகுப்பும் இப்படமும் வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு நாடுகளில் தோன்றியவை. ஆயினும் நிலமே வாழ்வை வகுக்கிறது என்னும் அடிப்படையில் இரண்டும் ஒன்றுபடுகின்றன. குடகு மலையில் பிறந்து கடலில் கலக்கும் காவிரியை நினைத்துப் பார்த்தால் இவ்வொற்றுமை எளிதில் விளங்கும்.

1915ஆம் ஆண்டு வெளியான தம் நூலில், தொழில் வளர்ச்சியால் நகரங்கள் பெருகி ஒன்றோடொன்று இணைவதைக் கெடிஸ் ஆராய்ந்தார். மக்கள்தொகை வரைபடத்தில் தனித்தனிப் புள்ளிகளாக இருந்த ஊர்கள் விரிந்து ஒரே பரப்பாகப் படர்வதைச் சுட்டிக்காட்டி, அத்தகைய நகரத்திரளுக்கு ஆங்கிலத்தில் புதிய கலைச்சொல் ஒன்றை உருவாக்கினார். நகரின் எல்லை என்பது ஆட்சியாளர் வரைந்த கோடு அன்று. வீடுகளும் சாலைகளும் உண்மையில் எங்குவரை தொடர்கின்றனவோ அதுவே எல்லை என்னும் தெளிவு இதனால் பிறந்தது. பெருநகரோடு அடுத்துள்ள ஊர்களையும் சேர்த்து ஒரு தொகுதியாகக் கணக்கிடும் இன்றைய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முறையும் இத்தெளிவை ஒட்டியதே.

கடலில் மூழ்கிய கண்காட்சி

நகரங்களின் வரலாற்றையும் வடிவத்தையும் விளக்கும் வரைபடங்கள், ஓவியங்கள், ஒளிப்படங்கள், மாதிரிகள் ஆகியவற்றைத் திரட்டிக் கெடிஸ் ஒரு கண்காட்சியை அமைத்திருந்தார். அது ஐரோப்பிய நகரங்கள் சிலவற்றில் வைக்கப்பட்டுப் பாராட்டுப் பெற்றது. அக்காலத்தில் சென்னை மாகாண ஆளுநராக இருந்த பென்ட்லண்டு பிரபு, அக்கண்காட்சியை இந்தியாவிற்குக் கொண்டுவருமாறு கெடிஸை அழைத்தார். கெடிஸ் தம் மூத்த மகன் அலஸ்டேருடன் 1914ஆம் ஆண்டு இந்தியா வந்தார். கண்காட்சிப் பொருள்கள் கிளான் கிராண்ட் என்னும் வேறொரு கப்பலில் அனுப்பப்பட்டன.

அப்போது முதல் உலகப்போர் தொடங்கியிருந்தது. 1914ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் இரவு சென்னைத் துறைமுகத்தைத் தாக்கிய ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டனைத் தமிழகம் நன்கறியும். அக்கப்பலே அடுத்த மாதம் கிளான் கிராண்ட் கப்பலையும் மூழ்கடித்தது. பல ஆண்டு உழைப்பில் திரட்டிய பொருள்கள் அனைத்தும் கடலடியில் சென்றன. அறுபது வயதில் நேர்ந்த அவ்விழப்பால் கெடிஸ் சோர்ந்துவிடவில்லை. பிரிட்டனிலிருந்த நண்பர்கள் மீண்டும் வரைபடங்களையும் படங்களையும் திரட்டி அனுப்பினர். 1915ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகச் செனட் மாளிகையில் கண்காட்சி நடைபெற்றது.

தமிழகத் தெருக்களில்

பென்ட்லண்டு பிரபுவின் வேண்டுகோளை ஏற்று, சென்னை மாகாணத்தின் பல நகரங்களைக் கெடிஸ் நேரில் கண்டு அறிக்கைகள் எழுதினார். அவருடைய முறை எளிமையானது; ஆனால் கடும் உழைப்பை வேண்டுவது. காலையிலும் மாலையிலும் வெயிலைப் பொருட்படுத்தாமல் சந்து சந்தாக நடப்பார். ஒவ்வொரு வீட்டின் நிலையையும் நோக்குவார். உறுதியான வீடுகள், இடிந்த வீடுகள், கோயில்கள், கிணறுகள், நிழல்தரும் மரங்கள், வெற்றிடங்கள் ஆகியவற்றை வரைபடத்தில் குறிப்பார். அதன் பின்னரே திருத்தம் பற்றிச் சிந்திப்பார். நாடி பாராமல் மருந்து கொடுக்கும் மருத்துவர் எவ்வாறு நோயாளிக்குக் கேடு செய்வாரோ, அவ்வாறே நகரை அறியாமல் திட்டம் தீட்டுவோர் மக்களுக்குக் கேடு செய்வர் என்பது அவர் கருத்து.

இம்முறையின் தேவையை அறிய அக்காலச் சூழலை அறிதல் வேண்டும். 1896ஆம் ஆண்டு பம்பாயில் பரவிய பிளேக் கொள்ளைநோய் ஆட்சியாளரை அச்சுறுத்தியது. நெருக்கமான குடியிருப்புகளை இடித்து அகன்ற நேர்சாலைகள் அமைப்பதே நோய்க்கு மருந்து என்னும் எண்ணம் பல நகரங்களிலும் பரவியது. அளவுகோலை வைத்து வரைபடத்தில் இழுத்த ஒரு நேர்க்கோடு நூற்றுக்கணக்கான குடும்பங்களின் வீட்டைப் பறித்தது.

தஞ்சாவூர்க் கோட்டைப் பகுதியைக் கண்ட கெடிஸ், அத்தகைய நேர்சாலைத் திட்டத்திற்கு மாற்று ஒன்றைக் காட்டினார். பாழடைந்த சில வீடுகளை மட்டும் நீக்கினால், அங்கங்கே சிதறிக் கிடக்கும் வெற்றிடங்கள் ஒன்றோடொன்று இணையும். சந்துகள் வேண்டிய இடத்தில் அகலும். மரங்களுக்கும் குழந்தைகளின் விளையாட்டுக்கும் இடம் கிடைக்கும். செலவும் மிகக் குறையும் என்று எடுத்துரைத்தார். உறுப்பை வெட்டி எறியாமல் உயிரைக் காக்கும் அறுவை மருத்துவத்தோடு இதனை ஒப்பிட்டார். பெரும்பாலான குடும்பங்கள் தம் வீட்டிலேயே தொடர்ந்து வாழலாம் என்பதே இம்முறையின் உயிர்நாடி.

தென்னிந்தியக் கோயில் நகரங்கள் அவரைப் பெரிதும் கவர்ந்தன. மதுரையில் மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி ஆடி, சித்திரை, ஆவணி, மாசி என மாதப் பெயர்கொண்ட வீதிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சூழ்ந்துள்ளன. விழாக்கள் நடைபெறுவதற்கேற்ப வீதிகள் அமைந்த அந்நகரின் வடிவத்தைச் சங்கப் புலவர் தாமரை மலருக்கு ஒப்பிட்டனர். அத்தகைய நகர்களில் தெரு என்பது வண்டி செல்லும் வழி மட்டுமன்று. தேரோடும் இடம், அங்காடி, மக்கள் கூடும் மன்றம் ஆகிய அனைத்தும் அதுவே. இவற்றைத் திட்டமற்ற ஊர்கள் என ஒதுக்கிய காலத்தில், இவற்றுக்குள் ஓர் ஒழுங்கு உண்டு என்பதைக் கெடிஸ் கண்டார்.

குளங்களைத் தூர்க்கும் போக்கையும் அவர் ஏற்கவில்லை. கொசுவால் மலேரியா பரவுகிறது என்று அக்காலத்தில் பல நகரங்களில் குளங்கள் மூடப்பட்டன. குளத்தில் மீன்களை வளர்த்தால் அவை கொசுப்புழுக்களை உண்ணும். குளம் காற்றைக் குளிர்விக்கும். வெள்ளநீரை ஏற்கும் என்று அவர் விளக்கினார். நீர்நிலைகளை இழந்து மழைக்காலத்தில் வெள்ளத்தாலும் கோடையில் வறட்சியாலும் வருந்தும் இன்றைய நகரங்கள் அக்கருத்தின் மதிப்பை உணர்த்துகின்றன.

இழப்பும் தொண்டும்

இந்தியாவில் ஏறத்தாழ ஐம்பது நகரங்களைப் பற்றிக் கெடிஸ் ஆராய்ந்தார். பரோடா, இலாகூர், டாக்கா, இலக்னோ, பல்ராம்பூர் முதலியன அவற்றுள் சில. இப்பணியின் நடுவே 1917ஆம் ஆண்டு அவர் வாழ்வில் பெருந்துயர் சூழ்ந்தது. போர்முனையில் பணியாற்றிய மகன் அலஸ்டேர் ஏப்ரல் மாதத்தில் பிரான்சில் கொல்லப்பட்டார். அவ்வேளையில் மனைவி அன்னா இந்தியாவில் காய்ச்சலுற்றுப் படுக்கையில் இருந்தார். மகன் இறந்த செய்தியைக் கெடிஸ் அவரிடம் சொல்லவில்லை. மகனின் பழைய கடிதங்களைப் படித்துக் காட்டித் தம் துயரை மறைத்துக்கொண்டார். மகனின் மறைவை அறியாமலே அன்னா சில வாரங்களில் உயிர்நீத்தார்.

துயரைச் சுமந்தபடியே பணியைத் தொடர்ந்தார் கெடிஸ். பிளேக் நோயால் வருந்திய இந்தூர் நகரை ஆராய்ந்தபோது, வரைபடத்தால் மட்டும் நகரைத் திருத்த இயலாது, மக்களும் பங்கேற்கவேண்டும் என்று உணர்ந்தார். தீபாவளித் திருநாளை அதற்குப் பயன்படுத்தினார். எந்தப் பகுதி மக்கள் தம் வீடுகளையும் தெருக்களையும் மிகத் தூய்மையாக வைத்திருக்கிறார்களோ, அப்பகுதி வழியாகவே திருவிழா ஊர்வலம் செல்லும் என்று அறிவிக்கச் செய்தார். நகரெங்கும் குப்பை அகன்றது, வீடுகள் வெள்ளையடிக்கப்பட்டன. ஊர்வலத்தில் அழுக்கின் உருவாக ஓர் அரக்கனும், நோயின் உருவாக ஒரு பெரிய எலியும் கொண்டுசெல்லப்பட்டு இறுதியில் எரிக்கப்பட்டன. துப்புரவுத் தொழிலாளர்களும் அவ்வூர்வலத்தில் சிறப்பிடம் பெற்றனர். இந்தூர் பற்றிய அவருடைய விரிவான அறிக்கை 1918ஆம் ஆண்டு இரு தொகுதிகளாக வெளியாயிற்று.

1919ஆம் ஆண்டு பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் தொடங்கப்பெற்ற சமூகவியல், குடிமையியல் துறைக்குக் கெடிஸ் முதல் பேராசிரியரானார். அறிவியலறிஞர் ஜெகதீச சந்திர போஸின் வாழ்க்கை வரலாற்றை 1920ஆம் ஆண்டு நூலாக வெளியிட்டார். கவிஞர் இரவீந்திரநாத் தாகூரோடும் நட்புப் பூண்டிருந்தார்.

நிறைவும் நிலைத்த புகழும்

கெடிஸின் திட்டங்கள் பல நிறைவேறவில்லை. அவருடைய அறிக்கைகள் அலுவலகங்களில் உறங்கின. பொறியாளர்களின் திட்டங்களை அவர் வெளிப்படையாகக் குறைகூறியதால் அதிகாரிகள் பலர் அவரை விரும்பவில்லை. அயலாட்சியின் அழைப்பில் வந்தவர் என்பதால், ஆட்சியாளரின் ஒப்புதலின்றி எதையும் செய்யவியலாத நிலையும் அவருக்கு இருந்தது. ஆயினும் நகர்த்திட்டம் பற்றிய விழிப்புணர்வு பரவ அவருடைய வருகை துணைநின்றது. 1920ஆம் ஆண்டு சென்னை மாகாணத்தில் நகர்த்திட்டச் சட்டம் இயற்றப்பட்டது.

உடல்நலம் குன்றியதால் இந்தியாவை விட்டு நீங்கிய கெடிஸ், பிரான்சின் மாண்ட்பெலியே நகரில் ஒரு கல்வி நிலையத்தை அமைத்தார். 1925ஆம் ஆண்டு டெல் அவிவ் நகருக்கு அவர் வகுத்த திட்டம் நிறைவேறியது. அத்திட்டத்தின்மீது எழுந்த வெள்ளை நகரம் 2003ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. 1932ஆம் ஆண்டு அவருக்குச் சர் பட்டம் வழங்கப்பட்டது. அவ்வாண்டே ஏப்ரல் 17ஆம் நாள் மாண்ட்பெலியேயில் இயற்கை எய்தினார். அவருடைய இந்திய அறிக்கைகளின் பகுதிகள் 1947ஆம் ஆண்டு நூலாகத் தொகுக்கப்பட்டன.

இன்று செயற்கைக்கோள்கள் நகரங்களைப் படம்பிடிக்கின்றன. கட்டடங்களின் உயரத்தையும் தெருக்களின் அகலத்தையும் கணினி நொடியில் அளக்கிறது. ஆயினும் ஒரு வீட்டின் திண்ணையில் அமர்வோர் யார், ஒரு கிணற்றை நம்பி வாழும் குடும்பங்கள் எத்தனை, ஒரு மரநிழலில் வலை பின்னுவோர் எவர் என்பனவற்றை வானிலிருந்து அறிய இயலாது. பட்டினச்சேரி போன்ற கடலோர ஊரில் கரையில் நிற்கும் படகுகளுக்கும், மீன் உலர்த்தும் மணல்வெளிக்கும், குடியிருப்புக்கும் உள்ள உறவு அங்கு நடந்து செல்வோர்க்கே விளங்கும். வரைபடத்தில் வெற்றிடமாகத் தோன்றும் மணல்வெளி, அம்மக்களுக்குத் தொழிற்களம். அதனை அறியாமல் போடும் ஒரு கோடு ஓர் ஊரின் வாழ்வையே குலைத்துவிடும். அளப்பது மக்களை அகற்றுவதற்காக அன்று, அவர்களை அறிந்து காப்பதற்காக என்பதே பேட்ரிக் கெடிஸ் தம் வாழ்வால் உணர்த்திய உண்மையாகும்.